பெயர் வெட்டிய குடம்

வெள்ளைக்காரத் துரை ஒருவர் வீடு பார்க்க வருகிறார் என்று தெரிந்த நாளிலிருந்து ஆலைத் தெரு ஒரு நிலையில் இல்லை. சாணம் தெளிப்பதும், சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதும், சாக்கடையை வாருவதுமாக ஒரே அமர்க்களம். ஐப்பசி மழை வேறு விட்டு விட்டுப் பெய்து, அடித்த சுண்ணாம்பில் பாதியைக் கழுவிக்கொண்டு போயிற்று. சளைக்காமல் மறுபடியும் அடித்தார்கள்.

துரை சும்மா வரவில்லை. பிரான்சிலே தொழிலாளிக்கு வாரம் நாற்பது மணி நேரம்தான் வேலை என்று சட்டம் வந்துவிட்ட சமாச்சாரம் கப்பலேறிப் புதுச்சேரிக்கும் வந்து சேர்ந்திருந்தது. உழவர்கரைக்குப் போகிற வழியிலிருந்த அந்த நூற்பாலையின் ஆட்கள் வேலை நிறுத்தம் செய்து பார்த்தார்கள்; அடியும் பட்டார்கள். கடைசியில் அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்று. ஆலைக்குள் வேலை செய்கிற எவருக்கும், ஆணோ பெண்ணோ, நாளுக்கு ஆறணாவுக்குக் கீழே கூலி கொடுக்கக் கூடாது என்று உத்தரவு போட வேண்டும்.

ஆலை மானேஜர் கையை விரித்தார். இப்போது கொடுப்பதிலேயே இவர்கள் சௌக்கியமாக இருக்கிறார்கள், சந்தேகம் இருந்தால் வீட்டைப் போய்ப் பாருங்கள் என்று சொல்லிவிட்டார். பாரீசிலிருந்து வந்திருந்த தொழில் இன்ஸ்பெக்டரும், "சரி, ஒரு வீட்டைப் பார்த்துவிடுகிறேன்" என்றார். அவர் எழுதிக் கொடுப்பதைத்தான் கவர்னர் கேட்பார் என்று ஊரெல்லாம் பேச்சு.

குறித்த வீடு அஞ்சலாட்சியுடையது. அவள் புருஷன் தணிகாசலம் ஆலையின் பஞ்சு அறையில் வேலை செய்து, நெஞ்சு கெட்டு, வீட்டோடு உட்கார்ந்துவிட்டவன். அவளும் நாத்தனார் தையல்நாயகியும் நூல் சுற்றுகிற இடத்தில் ஆளுக்கு இரண்டரை அணாக் கூலிக்குப் போய்வந்தார்கள். காலைச் சங்குக்கு ஒருத்தி, மதியச் சங்குக்கு ஒருத்தி. அதில்தான் இரண்டு குழந்தைகளும் சேர்த்து ஐந்து வயிறு.

இன்ஸ்பெக்டருக்குத் தமிழ் தெரியாது. அஞ்சலாட்சிக்குப் பிரெஞ்சு தெரியாது. நடுவிலே நின்று இருவர் பேச்சையும் மாற்றிச் சொல்வதற்கு அரசாங்கம் அனுப்பிய ஆள் முசே பிரான்சுவா. ஐயா என்பதற்குப் புதுச்சேரியில் முசே. தமிழ்க் கிறிஸ்தவர், தாத்தா காலத்திலேயே ஊர் வழக்கத்தை விட்டுப் பிரெஞ்சுச் சட்டத்துக்கு மாறிக்கொண்ட குடும்பம். கோட்டும் தொப்பியும் இல்லாமல் வாசல்படி இறங்க மாட்டார். கோர்ட்டில் மொழிபெயர்த்து மொழிபெயர்த்தே தலை நரைத்தவர். சொன்னதைச் சொல், கூட்டாதே, குறைக்காதே. இதுதான் அவருடைய தொழில் தர்மம். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அன்று காலை மானேஜரின் மோட்டாரில் மூவரும் வந்து இறங்கினார்கள். வாசலில் மாக்கோலம். அஞ்சலாட்சி சிவப்புக் கரை போட்ட புடவையில், தலையில் பூவோடு நின்றாள். குழந்தைகள் சட்டை போட்டிருந்தன. பெரிய பையனுக்கு அந்தச் சட்டை முழங்கால் வரைக்கும் தொங்கியது. உள்ளே கால் வைத்ததும் கொடுவா மீன் குழம்பு வாசனை ஆளைத் தூக்கியது.

இன்ஸ்பெக்டர் குனிந்து நுழைந்து, நிமிர்ந்து, அப்படியே நின்றுவிட்டார். சுவரோரம் பலகை போட்டு அதன்மேல் வரிசையாகப் பித்தளையும் செம்புமாகப் பாத்திரங்கள். அண்டா, தவலை, தாம்பாளம், கூஜா, குடம். புளி போட்டுத் துலக்கியதில் அந்த இருட்டு அறைக்கே விளக்கு வைத்தது போல இருந்தது.

"இதெல்லாம் இந்த அம்மாளுடையதா என்று கேளுங்கள்" என்றார் இன்ஸ்பெக்டர்.

"இதெல்லாம் உங்களுதான்னு துரை கேக்குறாரு" என்றார் பிரான்சுவா.

"ஆமாங்க" என்றாள் அஞ்சலாட்சி. ஒரு கணம் கழித்து, "எங்க அம்மா ஊட்டு சீருங்க" என்று சேர்த்துக்கொண்டாள்.

பிரான்சுவா அப்படியே பிரெஞ்சில் சொன்னார். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் கண் பாத்திரங்களின் கழுத்துப் பக்கம் போயிற்று.

நம் பக்கத்தில் பாத்திரம் வாங்கினால் பெயர் வெட்டாமல் வீட்டுக்குள் ஏற்றுவதில்லை. கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் இரவல் போகிற பண்டம். பெயர் இருந்தால்தான் சொந்த வீட்டுக்குத் திரும்பி வரும். அண்டாவில் 'கமலவேணி' என்றிருந்தது. தவலையில் 'செல்வாம்பாள்'. தாம்பாளத்தில் 'தா. வசந்தா'. கூஜாவில் யாரோ ஒரு ராமலிங்கம். ஓரிடத்தில்கூட அஞ்சலாட்சி என்ற பெயர் இல்லை. கடைசியில் இருந்த பெரிய குடத்தைப் பார்த்தபோது பிரான்சுவாவுக்குக் காது மடல் சூடேறியது. சின்னதாக ஒரு சிலுவைக் குறி, பக்கத்தில் 'ரோசா'. அவருடைய மாமியார், மகள் கல்யாணத்துக்குக் கொடுத்த குடம். அவர் மனைவியின் குடம்.

இன்ஸ்பெக்டர் அதே குடத்தின்மேல் விரலை வைத்துத் தடவினார். "அழகாயிருக்கிறது. இது என்ன, பூ வேலைப்பாடா?"

அஞ்சலாட்சி பிரான்சுவாவின் முகத்தைப் பார்த்தாள். இந்த மனுஷருக்கு எழுத்துப் படிக்கத் தெரியும் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். முந்தானை நுனியை விரலில் இறுக்கிச் சுற்றிக்கொண்டாள்.

"எழுத்து" என்றார் பிரான்சுவா. "வீட்டுப் பெண்களின் பெயரைப் பாத்திரத்தில் வெட்டி வைப்பது இங்கே வழக்கம்."

"அருமையான வழக்கம்" என்றார் இன்ஸ்பெக்டர். சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து எதையோ குறித்துக்கொண்டார். மானேஜர் மீசைக்குள் சிரித்தார். "நான் சொன்னேனே, இவர்களுடைய தேவை குறைச்சல். வெற்றிலைக்கும் சாராயத்துக்கும் போக மிச்சத்தை இப்படி உலோகமாக வாங்கி அடுக்கிவிடுகிறார்கள்."

அதையும் மொழிபெயர்க்கும்படி யாரும் கேட்கவில்லை. பிரான்சுவா தொப்பியைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே நின்றார்.

துரைகள் இருவரும் மோட்டாரில் போய்விட்டார்கள். பிரான்சுவா நடந்து தெருமுனைக்கு வந்தபோது கொளஞ்சி வழி மறித்தான். நூற்கிற யந்திரம் ஓட்டுகிறவன், தொழிலாளர் சங்கத்துக்கு அவன்தான் வாய்.

"என்னா முசே, மானேஜரு மூஞ்சியில சிரிப்பப் பாத்தேன். உள்ள என்னா நடந்துச்சி?"

"வீடு நல்லா இருக்குன்னு சொன்னாரு."

"சொல்லுவாரு. படிச்சிப் படிச்சி சொன்னேன் முசே, ஊட்ட இருக்கிறபடிக்கு வுடுங்கன்னு. பொம்பளைங்க கேட்டாத்தானே. 'உம் பொண்டாட்டி கஞ்சிப் பானைய வெள்ளைக்காரனுக்குத் தொறந்து காட்டுவியாடா'ன்னு கமலவேணி அக்கா வெளக்குமாத்தத் தூக்கிக்கிச்சி. தெருவே கூடி அந்த ஊட்டுக்கு சீர் வச்சிருக்காங்க. மீனு மட்டும் நாலு ஊட்டுக் காசு."

"நீயே துரைகிட்டப் போய்ச் சொல்லேன்."

"நான் சொன்னா, சங்கத்துக்காரன் புளுகுறான்னு ஒரே வார்த்தையில முடிச்சிடுவாங்க." கொளஞ்சி குரலைத் தாழ்த்தினான். "ஆறணா என்னா ராஜ்யமா முசே? நான் நாலணா கேட்டா, கேட்டுக்கு வெளிய மூணணாவுக்கு ஒருத்தன் நிக்கிறான். அவன் பின்னால ரெண்டரைக்கு ஒரு பொம்பளை. அவ பின்னால ரெண்டுக்கு இன்னொருத்தி. ஒருத்தர் பசிய வச்சி இன்னொருத்தர் கூலிய அறுக்குறாங்க. எறங்கிக்கினே போறோம், கீழ தரையே தட்டுப்படல. ஒரு தரை போட்டுக் குடுக்கச் சொல்லுங்க. அதுக்கு மேல எங்க சாமர்த்தியம்." சற்று நிறுத்தி, "நீங்க கூடத்தானே இருந்தீங்க? உங்க கண்ணுக்கு ஒண்ணும் படலியா?" என்றான்.

"நான் பேச்சை மாத்திச் சொல்றவன், கொளஞ்சி. பாக்குறது என் வேலை இல்ல."

"அதுவும் சரிதான்" என்று கொளஞ்சி விலகி வழிவிட்டான். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது பிரான்சுவாவுக்கு.

வீட்டில் ரோசா ரொட்டியை நறுக்கி, வெண்ணெய் தடவி, காப்பியோடு கொண்டுவந்து வைத்தாள். தினமும் சாப்பிடுகிற ரொட்டிதான். அன்றைக்கு அதை அவர் தொடவில்லை.

"நம்ம குடம் எங்க?" என்றார்.

"கமலவேணி கேட்டா, குடுத்தேன்." கமலவேணி அவர்கள் வீட்டில் பாத்திரம் துலக்குகிறவள், இருப்பது ஆலைத் தெருவில். "யாரோ பெரிய மனுஷர் வராராம். பக்கத்து ஊட்டுல வைக்கணுமாம். ஏன், குடுக்கக் கூடாதா?"

"குடுக்கலாம்."

"பின்ன ஏன் மொகத்த இப்படி வச்சிருக்கீங்க?"

அவருக்குப் பழைய விருந்து ஒன்று நினைவுக்கு வந்தது. கோர்ட்டு நீதிபதி ஒருமுறை அவர் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். அன்றைக்குப் பிரம்பு நாற்காலிகளும் பீங்கான் தட்டுகளும் ரோசாவின் அண்ணன் வீட்டிலிருந்து வந்தன. நீதிபதி தட்டைத் திருப்பிப் பார்த்துப் புகழ்ந்தபோது, பிரான்சுவா தலையை ஆட்டி ஏற்றுக்கொண்டார். அதில் யாருக்கும் நஷ்டமில்லை. நீதிபதி அந்தத் தட்டைப் பார்த்து அவர் சம்பளத்தை நிர்ணயிக்கவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம். அந்த வித்தியாசம் அவருக்குப் பிடிபட்டதும் காப்பியைத் தள்ளி வைத்தார்.

வெயில் தாழ்ந்த நேரத்தில் பின்வாசலில் பேச்சுக் குரல் கேட்டது. அஞ்சலாட்சி குடத்தைக் கொண்டுவந்திருந்தாள். சிவப்புக் கரைப் புடவை போய்விட்டது, அதுவும் யாருடையதோ. இப்போது உடுத்தியிருந்தது பல இடங்களில் ஒட்டுப்போட்ட வெளிறிய புடவை. கிழிந்த பக்கம் உள்ளே போகும்படி கொசுவியிருந்தாள்.

"இந்தாங்க மதாம். ஒரு சொட்டை இல்லாம கொண்டாந்துட்டேன்."

ரோசா குடத்தை வாங்கி உள்ளே பார்த்தாள். "இது என்னா அஞ்சலாட்சி?"

"வெறும் பாத்திரமாக் குடுக்கக் கூடாதுங்களே."

அடியில் ஒரு பிடி நொய்யரிசி. அதன்மேல் இலைத் துணுக்கில் மடித்த வெல்லம். இரவல் பாத்திரத்தை வெறுமனே திருப்பினால் கொடுத்த வீட்டுக்கு ஆகாது என்பார்கள். வசதியானவர்கள் சர்க்கரையோ பழமோ போட்டுத் தருவார்கள்.

"இன்னைக்கி ஆலைக்குப் போவலியா?" என்று ரோசா கேட்டாள்.

"லீவு குடுத்துட்டாங்க மதாம், துரை வர்றாருன்னு. எனக்கும் தையலுக்கும். கூலிதான் இல்ல." சொல்லிவிட்டுச் சிரித்தாள். கதவோரம் நின்ற பிரான்சுவாவைப் பார்த்ததும் சிரிப்பை அடக்கி, முந்தானையை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். "முசே, காலையில கண்டும் காணாம இருந்தீங்க. சாமியாட்டம் காப்பாத்துனீங்க. இல்லாட்டி தெரு மானம் போயிருக்கும்."

பிரான்சுவா குடத்தின் பக்கம் பார்வையைத் திருப்பினார்.

"துரை நல்லா எழுதுவாருங்களா எங்களப் பத்தி?"

"நல்லாத்தான் எழுதுவாரு" என்றார்.

"அது போதுங்க. நாங்க ஒண்ணும் பிச்சக்காரங்க இல்லியே, பாடுபட்டுத் திங்கிறவங்கதானேன்னு அவருக்குத் தெரிஞ்சா, குடுக்க வேண்டியதக் குடுக்கத்தானே செய்வாரு."

அவள் போய்விட்டாள். உள்ளே சட்டி தேய்த்துக்கொண்டிருந்த கமலவேணி தலையைத் தூக்காமலே முணுமுணுத்தாள். "ஊடு ஊடாப் போயி, ஆளுக்கு ஒரு பிடி போட்டுக் குடுத்துட்டு வரா. ராத்திரிக்கி ஒலையில போட வச்சிருந்த நொய்யி. வேணாண்டின்னா கேக்கமாட்டா. எங்க அண்டாவுலயும் போட்டா. நான் திருப்பிக் குடுத்தா அழுவுறா."

ரோசா கையிலிருந்த குடத்தைக் கீழே வைத்தாள். அதைத் தொடுவதற்கே யோசிக்கிறவள் போல இரண்டடி தள்ளி நின்றாள்.

பிரான்சுவா கோட்டை மாட்டினார். தொப்பியை எடுத்து வைத்தார். பிறகு குனிந்து குடத்தைத் தூக்கி இடுப்புக்கும் கைக்கும் நடுவில் அணைத்துக்கொண்டார்.

"எங்க எடுத்துக்கினு போறீங்க?"

"வரேன்."

கோட்டுப் போட்ட மனுஷர் பித்தளைக் குடத்தோடு தெருவில் வருவதைப் பார்த்துப் பெட்டிக் கடைக்காரன் எழுந்தே நின்றுவிட்டான். "என்னா முசே, தண்ணிக்கா? கொழாயி அந்தப் பக்கம்" என்று எவனோ கேட்க, நான்கு பேர் சிரித்தார்கள். பிரான்சுவா ஆளேற்றுகிற தள்ளுவண்டி ஒன்றைக் கைதட்டி நிறுத்தி ஏறிக்கொண்டார். பின்னாலிருந்து வண்டிக்காரன் தள்ள, மடியில் குடத்தை வைத்துக்கொண்டு, மாதா கோயில் தெரு வழியாகக் கடற்கரைக்குப் போனார். இறங்கி, வண்டிக்காரன் கேட்டதைக் கொடுத்தார். இரண்டரை அணா. கொடுத்த பிறகுதான் அந்தத் தொகை அவருக்கு உறைத்தது.

அரசாங்க விருந்தினர் மாளிகையின் தாழ்வாரத்தில் இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டிருந்தார். கடல் காற்றில் தாள் பறக்காமல் இருக்க ஒரு சிப்பியை வைத்திருந்தார். பிரான்சுவாவையும் குடத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எனக்குப் பரிசா? நான் வாங்கக் கூடாது."

"பரிசல்ல, ஐயா. காலையில் நீங்கள் விரல் வைத்துக் கேட்டீர்களே, அதே குடம். அதில் இருப்பது என் மனைவியின் பெயர்."

இன்ஸ்பெக்டருக்குச் சட்டென்று விளங்கவில்லை. பிரான்சுவா ஒவ்வொரு பாத்திரமாகச் சொன்னார், ஒவ்வொரு பெயராகச் சொன்னார். புடவை, சட்டை, மீன் எல்லாம் இரவல் என்று சொன்னார். சொல்லச் சொல்ல இன்ஸ்பெக்டர் பேனாவை மூடி வைத்தார்.

"இது உங்களுக்கு எப்போது தெரிந்தது?"

"அங்கேயே. படித்த உடனே."

"நான் கேட்டபோது வழக்கம் என்றீர்களே."

"வழக்கம் என்பது உண்மைதான், ஐயா." அந்தப் பதில் எவ்வளவு கேவலமாக இருக்கிறது என்று அவருக்கே கேட்டது. "பேசியதை மொழிபெயர்த்தேன். எழுதியிருந்ததை மொழிபெயர்க்கவில்லை."

"ஏன்?"

அந்தப் பெண்ணின் மானத்துக்காக என்று சொல்லியிருக்கலாம். அதுவும் பாதி நிஜம். ஆனால் குடத்தோடு அவ்வளவு தூரம் வந்தவருக்கு மற்றப் பாதியை விழுங்க முடியவில்லை.

"எங்கள் ஜனங்கள் இப்படி இருக்கிறார்கள் என்று உங்கள் முன்னால் சொல்ல வெட்கமாக இருந்தது. கோட்டுப் போட்டிருக்கிற நானும் அவர்களில் ஒருவன் என்று தெரிந்துவிடுமே என்று."

இன்ஸ்பெக்டர் குடத்துக்குள் எட்டிப் பார்த்தார். "இது என்ன தானியம்?"

"உடைந்த அரிசி. இரவல் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பக் கூடாது என்பதற்காகப் போட்டாள். அவர்களுடைய இன்றைய இரவுச் சாப்பாடு."

 இன்ஸ்பெக்டர் எழுதிய தாளை எடுத்து நீளவாக்கில் மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "நாளைக் காலை மறுபடியும் போவோம். மானேஜர் வேண்டாம். அந்த அம்மாளுக்கும் சொல்ல வேண்டாம்."

சொல்ல வேண்டாம் என்ற அந்த வார்த்தையைக் கேட்டதும், தான் செய்து முடித்தது, இனிமேல் செய்யப் போவது, இரண்டுமே பிரான்சுவாவுக்குப் பாரமாக இருந்தன.

மறுநாள் காலைச் சங்கு ஊதி அடங்கிய பிறகு இருவரும் நடந்தே ஆலைத் தெருவுக்குப் போனார்கள். இரவு மழையில் மாக்கோலம் கரைந்திருந்தது. தணிகாசலம் வாசலில் சாக்கை விரித்து உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தான். துரையைக் கண்டதும் எழ முயன்று, முடியாமல் சுவரைப் பிடித்தான்.

கதவு ஒருக்களித்திருந்தது. பிரான்சுவா கூப்பிட்டார். "அஞ்சலாட்சி, துரை வந்திருக்காரு. உள்ள வரலாமான்னு கேக்குறாரு."

உள்ளே பரபரவென்று ஏதோ இழுபட்டது. கதவு இன்னும் கொஞ்சம் சாத்திக்கொண்டது.

"இப்ப ஏன் வந்தாரு?" குரல் மட்டும் வந்தது. "நேத்தே பாத்துட்டாரே."

"இன்னொரு தரம் பாக்கணுமாம்."

"நான் வெளிய வர முடியாது முசே. தையலு ஆலைக்குப் போயிருக்கா."

பிரான்சுவாவுக்கு முதலில் புரியவில்லை. தையல்நாயகி ஆலைக்குப் போனால் இவள் வெளியே வருவதற்கு என்ன? பிறகு நேற்றுப் பின்வாசலில் பார்த்த ஒட்டுப்போட்ட புடவை நினைவுக்கு வந்தது. காலைச் சங்குக்கு ஒருத்தி, மதியச் சங்குக்கு ஒருத்தி. இரண்டு பெண்களுக்கு வெளியே உடுத்திப் போக ஒரே புடவை.

"என்ன சொல்கிறாள்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

இத்தனை வருஷத்தில் கொலை வழக்குக்கு மொழிபெயர்த்திருக்கிறார். கற்பழிப்பு வழக்குக்கும் மொழிபெயர்த்திருக்கிறார். அங்கெல்லாம் சாட்சியின் முகத்தைப் பார்த்தபடியே சொல்லியிருக்கிறார். கதவுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, மெதுவான பிரெஞ்சில் சொல்லி முடித்தார். பாஷை தெரியாவிட்டாலும் தணிகாசலத்துக்கு என்ன சொல்லப்படுகிறது என்று தெரிந்துவிட்டது. அவன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றினார். உள்ளே போகவில்லை. "அவள் சமைத்ததை மட்டும் காட்ட முடியுமா என்று கேளுங்கள். விருப்பமில்லை என்றால் வேண்டாம்."

கேட்டார்.  சற்று நேரத்தில் கதவிடுக்கு வழியாக ஒரு மண்பானையைக் கை ஒன்று வெளியே நகர்த்தி வைத்தது. சோற்றுப் பருக்கை தேடினால் அகப்படுகிற நீராகாரம். ஓரம் உடைந்த பானை.

"முசே" என்றது குரல். "நேத்து நல்லா எழுதுவாருன்னு சொன்னீங்களே."

பிரான்சுவா தலை குனிந்து பானையைப் பார்த்தார்.

"கொடத்தோட துரைகிட்டப் போனீங்களாமே. எங்க பேர ஏன் படிச்சிக் காட்டுனீங்க?"

"அவரு நல்லா எழுதினா உங்களுக்குக் கூலி ஏறாது, அஞ்சலாட்சி."

"அது எங்களுக்குத் தெரியாதுங்களா" என்றாள். "கொளஞ்சி தொண்டத் தண்ணி வத்த சொன்னான். கூலி இன்னைக்கி இல்லன்னா நாளைக்கிக் கேட்டு வாங்கிக்கலாம்னு இருந்தோம். இது போனா எங்க போயி வாங்குறது?"

இதை அவர் மொழிபெயர்க்கவில்லை. என்ன சொன்னாள் என்று கேட்கிற தைரியம் இன்ஸ்பெக்டருக்கும் இல்லை.

தெருவில் ஒவ்வொரு கதவாகச் சாத்துகிற சத்தம் கேட்டது. கமலவேணி தன் வாசலில் நின்று பிரான்சுவாவை ஏற இறங்கப் பார்த்து, காறி ஓரமாகத் துப்பிவிட்டு உள்ளே போனாள். எதிர்ச்சாரியில் ஒரே ஒரு கதவு மட்டும் திறந்தது. கொளஞ்சி இடுப்பில் துண்டோடு வந்து நின்றான்.

"எங்க ஊட்டையும் பாக்கச் சொல்லுங்க முசே" என்றான். உள்ளே அவன் மனைவி அழுகையோடு ஏதோ ஏசுவது கேட்டது. "அவ கெடக்குறா. பாக்கச் சொல்லுங்க. ஒரு ஊட்டு மானம் போனா போனதுதான், ரெண்டு ஊட்டோடது போனா பங்கு போட்டுக்கலாம்."

இன்ஸ்பெக்டர் அந்த வீட்டையும் பார்த்தார். வேறு கதவெதுவும் திறக்கவில்லை.

தைக்கு முன்னால் உத்தரவு வந்தது. ஆலை வாசலில் ஒட்டியிருந்ததைக் கொளஞ்சி எல்லோருக்கும் உரக்கப் படித்தான். ஆணோ பெண்ணோ, யாருக்கும் ஐந்தணாவுக்குக் குறைந்த கூலி கிடையாது. கேட்டதில் ஓரணா குறைச்சல்தான். ஆனாலும் அன்று ஆலைத் தெருவில் வெல்லம் வழங்கினார்கள். வழியில் பிரான்சுவாவைக் கண்ட கொளஞ்சி, "தரை போட்டாச்சி முசே. செவரு நாங்க எழுப்பிக்கிறோம்" என்றான். மானேஜர் அதற்கப்புறம் பிரான்சுவாவின் வணக்கத்துக்குப் பதில் வணக்கம் சொல்வதில்லை. அது அவருக்கு ஒரு பொருட்டாகவே இல்லை.

பொங்கல் வந்தது. ஆலைத் தெருவிலிருந்து பாத்திரம் கேட்டு யாரும் ரோசாவிடம் வரவில்லை. கமலவேணி வேலைக்கு வந்தாள், துலக்கினாள், போனாள்.

"குடம் வேணுமாடி பண்டிகைக்கி?" என்று ரோசாவே கேட்டாள்.

"வேணாங்க மதாம். உங்க ஊட்டுக் கொடம் ரொம்பப் பேசுது" என்றாள் கமலவேணி.

குடம் பலகைமேல் கவிழ்த்தபடியே இருந்தது. ரோசா அதைத் துலக்கச் சொல்வதையும் விட்டுவிட்டாள். சிலுவைக் குறி பச்சை பூத்துப் போயிற்று. அந்த ஒரு பிடி நொய்யை என்ன செய்வது என்று இருவருக்கும் தெரியவில்லை. சமைக்கவும் மனமில்லை, கொட்டவும் மனமில்லை. ஒரு டப்பாவில் கிடந்தது.

மாசி மாதத்தில் ஒருநாள் பெரிய மார்க்கெட்டுக்குப் பக்கத்துப் பாத்திரக் கடை வழியாகப் பிரான்சுவா போய்க்கொண்டிருந்தார். கடை வாசலில் பெயர் வெட்டுகிறவன் உளியும் சுத்தியலுமாக டக் டக்கென்று தட்டிக்கொண்டிருந்தான். எதிரே அஞ்சலாட்சி குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். கெட்டிச் சாயப் புடவை. புதுக் கஞ்சி மொடமொடப்பு இன்னும் போகவில்லை. உளிக்கு அடியிலிருந்தது பித்தளைக் குடம். ரொம்பச் சின்னது. விளையாட்டுச் சாமான் என்று சொல்லிவிடலாம்.

அவர் பார்க்காததுபோலக் கடந்துவிட நினைத்தார். கால் வரவில்லை.

அஞ்சலாட்சிதான் முதலில் தலையைத் தூக்கினாள். எழுந்திருக்கவில்லை. முந்தானையை இழுத்துப் போட்டுக்கொள்ளவும் இல்லை.

"மதாம் சௌக்கியங்களா?"

"சௌக்கியம்."

"பேரு சரியா வெட்டுறானான்னு பாருங்க முசே. எனக்குப் படிக்கத் தெரியாது. உங்களுக்குத்தான் நல்லாப் படிக்க வருமே."

பெயர் வெட்டுகிறவன் குடத்தைத் திருப்பிக் காட்டினான். பிரான்சுவா குனிந்து ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்தார். "சரியா இருக்கு" என்றார்.

அவள் குடத்தை வாங்கி, பித்தளைத் தூளை வாயால் ஊதினாள். இடுப்பில் வைத்துக்கொண்டு எழுந்தாள்.

"உங்க ஊட்டுல ஏதாச்சும் விசேஷம் வந்தா சொல்லி அனுப்புங்க" என்றாள். குரலில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. "எங்க ஊட்லயும் இப்ப ஒரு கொடம் இருக்குது. இரவல் தருவோம்."

பிரான்சுவா தொப்பியைக் கழற்றினார். என்ன பதில் சொல்வது என்று அவர் இரண்டு பாஷையிலும் தேடிக்கொண்டிருக்கும்போதே அவள் கூட்டத்துக்குள் கலந்து போய்விட்டாள்.